நிலக்கரி தள்ளப் பன்னிரண்டாம் வகுப்பு

1965 ஜூலை 2. அமெரிக்க சிவில் உரிமைச் சட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றிய ஏழாம் பகுதி அன்றுதான் அமலுக்கு வந்தது. சட்டம் சரியாக ஓராண்டுக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. முதலாளிகள் தயாராகிக்கொள்ளட்டும் என்று ஒரு வருட அவகாசம் கொடுத்திருந்தார்கள். வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்ற சிற்றூரில், டான் ஆற்றங்கரையில், டியூக் பவர் கம்பெனிக்கு ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. அந்தக் கம்பெனியும் தயாரானது. எப்படி என்றால், அதே ஜூலை 2ஆம் தேதி ஒரு புது விதி கொண்டுவந்தது: இனிமேல் வேலைக்கு வருபவர்கள், கூட்டிப் பெருக்கும் லேபர் பிரிவைத் தவிர வேறு எந்தப் பிரிவில் சேர வேண்டுமானாலும், பள்ளியிறுதிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் பாஸாகியிருக்க வேண்டும்.

தேதியைக் கவனித்தீர்கள்தானே. நம்மூர் டீக்கடையில் இந்தக் கதையை ஆரம்பித்தால் பாதியிலேயே "புரிஞ்சுபோச்சு தலைவரே" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்தத் தேதியை மூன்று நீதிமன்றங்கள் அடுத்தடுத்துப் பார்த்தன. ஒன்றுகூட 'கம்பெனி வேண்டுமென்றே இதைச் செய்தது' என்று எழுதவில்லை. மூன்றாவதாகப் பார்த்த உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போதும் கம்பெனிக்கு மனசு சரியில்லை என்று அது சொல்லவில்லை. மனசைப் பற்றிய கேள்வியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கேட்டது. எனக்கு இந்த வழக்கில் பிடித்தது அந்த வேறு கேள்விதான். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது எப்படி ஓரங்கட்டப்பட்டது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கதை.

முதலில் அந்த மின் நிலையத்துக்குள் போய்விட்டு வருவோம். மொத்தம் 95 ஊழியர்கள். அதில் 14 பேர் கறுப்பினத்தவர். ஐந்து பிரிவுகள்: லேபர், நிலக்கரி கையாளுதல், இயக்கம், பராமரிப்பு, ஆய்வகம். 14 பேரும் லேபர் பிரிவில். அங்கே ஒருவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கூலி, மற்ற நான்கு பிரிவுகளில் வெள்ளைக்காரர்கள் வாங்கிய குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. ஒரு மனிதர் அங்கே முப்பது வருடம் நல்லபடியாக வேலை செய்து உச்சத்துக்குப் போனாலும், நேற்று உள்ளே வந்த வெள்ளைப் பையனின் சம்பளத்தைத் தொட முடியாது. இது ரகசியமாக நடந்த விஷயம் கிடையாது. சட்டம் வரும்வரை கம்பெனி வெளிப்படையாகவே நிறம் பார்த்துத்தான் ஆட்களைப் போட்டது என்று விசாரணை நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

1955இல் கம்பெனி ஒரு கல்வித் தகுதியைக் கொண்டுவந்தது. லேபர் தவிர மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேரப் பள்ளியிறுதி முடித்திருக்க வேண்டும். நம் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். நிலக்கரி தள்ளுவதற்கும் அதே தகுதிதான். அதற்கு முன்பே உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் பலரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. அவர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் தொடர்ந்து நன்றாகவே வேலை பார்த்தார்கள், பதவி உயர்வும் வாங்கினார்கள். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கின் முதுகெலும்பே இதுதான். 1965இல் நிறத் தடையை எடுத்தபோது, லேபர் பிரிவிலிருந்து வேறு எங்கே மாறுவதற்கும் பள்ளியிறுதி வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு சலுகையும் வந்தது: ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் சான்றிதழ் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு தேர்வுகளில் பாஸானால் மாறிக்கொள்ளலாம்.

என்ன தேர்வுகள் அவை? ஒன்று வொண்டர்லிக். 12 நிமிடத்தில் 50 கேள்விகள், பொது அறிவுத்திறன். இன்னொன்று பென்னட். கப்பி, பல்சக்கரம், நெம்புகோல் படங்களைக் காட்டி எது எந்தப் பக்கம் சுழலும் என்று கேட்கும் வகை. இரண்டையும் டியூக் பவர் உருவாக்கவில்லை, கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டது. கட் ஆஃப் மதிப்பெண், நாடு முழுவதும் பள்ளியிறுதி முடித்தவர்கள் வாங்கும் மதிப்பெண்களின் நடுப்புள்ளியை ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நடுப்புள்ளி என்றால் என்ன அர்த்தம்? பள்ளியிறுதி முடித்தவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்குக் கீழே. அதாவது 'பள்ளியிறுதி இல்லாதவர்களுக்கு மாற்று' என்று வைத்த தேர்வு, பள்ளியிறுதி முடித்தவர்களில் பாதிப் பேரைத் தோற்கடிக்கும் தேர்வு. சலுகையின் விலை சான்றிதழைவிட அதிகம். உச்ச நீதிமன்றம் இதை ஓர் அடிக்குறிப்பில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. என் தொழிலில் இதற்கு மேஜிக் நம்பர் என்று பெயர்: எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல், கோடுக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாருடைய தலையெழுத்தையும் தீர்மானிக்கும் ஓர் எண்.

பொறியியல் படித்தவர்களுக்கு வொண்டர்லிக்கைத் தனியாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. கேம்பஸ் இன்டர்வியூ அறிவிப்பை நினைத்துக்கொண்டால் போதும். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ. மூன்றிலும் 60 சதவீதம். அரியர் இருக்கக் கூடாது. முதல் சுற்று ஆப்டிட்யூட். ஆர்.எஸ். அகர்வால் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொட்டியை நிரப்பும் குழாயையும் எதிரெதிரே வரும் ரயில்களையும் மாதக்கணக்கில் போட்டுப் பழகியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் ஒரு தொட்டியைக்கூட நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த 60 ஏன் 60, ஏன் 58 இல்லை என்று நாங்களும் கேட்கவில்லை. இரண்டாயிரம் பேர் வரிசையில் நின்றால் எதையாவது வைத்து வடிகட்டித்தானே ஆகணும், அவ்வளவுதான் எங்கள் புரிதல். டியூக் பவரின் துணைத் தலைவர் ஒருவர் நீதிமன்றத்தில் கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய இந்த உயரம்தான்: இப்படி வைத்தால் பொதுவாக ஊழியர்களின் தரம் கூடும் என்று நினைத்தோம். வேலைக்கும் தேர்வுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் ஆராய்ந்து பார்த்திருக்கவில்லை.

1966 மார்ச்சில் கறுப்பினத் தொழிலாளர்கள் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்டில் அவர்களில் ஒருவருக்கு, சான்றிதழ் வைத்திருந்தவருக்கு, முதன்முதலாக லேபர் பிரிவிலிருந்து வெளியே வேலை கிடைத்தது. 14 பேரில் 13 பேர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கின் பெயரில் இருப்பவர் வில்லி கிரிக்ஸ். அதனால்தான் 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்'. அவர்களுக்காக நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர் ஷார்லட் நகரத்து ஜூலியஸ் சேம்பர்ஸ். 1965இல் அவருடைய வீட்டில் குண்டு வெடித்தது. 1971 பிப்ரவரியில், இந்த வழக்கின் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அவருடைய அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். நோக்கம் என்னவென்று ஆராயத் தேவையில்லாத பாகுபாடும் அதே ஊரில், அதே காலத்தில், தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி சொன்ன வாதம் சாதாரணமானதில்லை. விதியில் நிறம் என்ற சொல்லே கிடையாது. வெள்ளைக்காரரும் அதே தேர்வை எழுத வேண்டும். நிலக்கரிப் பிரிவில் மாட்டிக்கொண்ட படிக்காத வெள்ளைக்காரரும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். இன்னொன்று, படிப்பு குறைந்த ஊழியர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கம்பெனியே கொடுத்தது. வஞ்சகம் செய்ய நினைக்கிறவன் எதற்காக ஃபீஸ் கட்டுகிறான்? விசாரணை நீதிமன்றம் இதை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1955க்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிவாரணம் கொடுத்துவிட்டு, மற்றபடி கெட்ட நோக்கம் இல்லை என்று முடித்தது. அங்கே ஸோபலாஃப் என்ற ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

கம்பெனியிடம் இன்னொரு சீட்டும் இருந்தது. அது சட்டத்திலேயே இருந்தது.

அதற்கு ஒரு முன்கதை. 1963இல் லியோன் மையார்ட் என்ற கறுப்பின இளைஞர், இல்லினாய் மாநிலத்தில் மோட்டோரோலாவின் தொலைக்காட்சித் தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனார். சில நிமிடத் தேர்வு ஒன்று வைத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அவர் மாநில ஆணையத்திடம் போனார். 1964இன் தொடக்கத்தில் அங்கிருந்த விசாரணை அதிகாரி, அந்தத் தேர்வு பின்தங்கிய பின்புலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாதகமானது, அதைக் கைவிடுங்கள் என்று உத்தரவிட்டார். அதே சமயத்தில்தான் செனட்டில் சிவில் உரிமைச் சட்ட விவாதம் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பாளர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி. 'பாருங்கள், இந்தச் சட்டம் வந்தால் எந்தக் கம்பெனியும் பரீட்சையே வைக்க முடியாது' என்றார்கள். டெக்சஸ் செனட்டர் ஜான் டவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தொழில்முறையில் உருவாக்கப்பட்ட திறன் தேர்வுகளை முதலாளிகள் வைத்துக்கொள்ளலாம், பாகுபாடு காட்டுவதற்காக அவை வடிவமைக்கப்பட்டோ உத்தேசிக்கப்பட்டோ பயன்படுத்தப்பட்டோ இருக்காத வரைக்கும் என்று அது சட்டத்தில் ஏறியது.

டியூக் பவர் இதைப் பிடித்துக்கொண்டது. வொண்டர்லிக்கும் பென்னட்டும் தொழில்முறைத் தேர்வுகள்தாமே.

1971 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது. (அன்றிரவு நியூயார்க்கில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதினார்கள். மறுநாள் அமெரிக்கா எதைப் பற்றிப் பேசியிருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.) எட்டுக்கு பூஜ்யம். ஒரு நீதிபதி வழக்கில் கலந்துகொள்ளவில்லை. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். நிக்சன் நியமித்த பழமைவாதி. புரட்சிக்காரர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பர்கர் சில எண்களை எடுத்து வைத்தார். 1960 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவில் வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் பேர் பள்ளியிறுதி முடித்தவர்கள். கறுப்பின ஆண்களில் 12. ஆணையம் பார்த்த வேறொரு வழக்கில், இதே இரண்டு தேர்வுகள் அடங்கிய தொகுப்பில் வெள்ளையர் 58 சதவீதம் பாஸ், கறுப்பினத்தவர் 6 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. அந்த மாநிலம் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில், மட்டமான பள்ளியில், வைத்திருந்தது. ஒரு கையால் பள்ளியைப் பறித்துக்கொண்டு மறு கையால் சான்றிதழைக் கேட்பது என்று இதைச் சொல்லலாம்.

பர்கர் ஒரு கதையையும் தொட்டுக்காட்டினார். நம் எல்லாருக்கும் தெரிந்த நரியும் கொக்கும் கதை. நரி விருந்துக்குக் கூப்பிட்டுத் தட்டில் ஊற்றி வைக்கும், கொக்கு அலகை வைத்துக்கொண்டு முழிக்கும். பால் இருவருக்கும் பொதுதான். எந்தப் பாத்திரத்தில் வைக்கிறோம் என்பதையும் பார்க்கச் சொல்கிறது சட்டம் என்றார். டவரின் திருத்தத்தில் 'பயன்படுத்தப்பட்டோ' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதில் கையை வைத்தார். வடிவமைப்பும் உத்தேசமும் சுத்தமாக இருக்கலாம். பயன்படுத்தும்போது என்ன ஆகிறது?

பிறகு அந்தக் கேள்வி: இந்தத் தேர்வு இந்த வேலையை அளக்கிறதா? அளக்கிறது என்று முதலாளி காட்டினால், விளைவு எப்படியிருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால், எவ்வளவு நல்ல மனசோடு வைத்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும். டியூக் பவர் காட்ட முடியவில்லை. காட்டியிருக்கவும் முடியாது, ஏனென்றால் எதிர்ச்சாட்சி உள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது: சான்றிதழும் இல்லாமல் தேர்வும் எழுதாமல் அதே வேலைகளைப் பல வருடமாக நன்றாகச் செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு விடுதலை உணர்வு உண்டு. தொழில் புத்தியாகவும் இருக்கலாம். கோடில் ஒரு பிழை வந்தால் 'எழுதியவன் கெட்டவனா' என்று நாங்கள் பேசுவதில்லை. உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, வர வேண்டியதுதான் வருகிறதா. அவ்வளவுதான். கிரிக்ஸ் தீர்ப்பு இனப் பாகுபாட்டை ஒரு பாவமாகப் பார்க்காமல் ஒரு பழுதாகப் பார்க்கிறது. பாவம் என்று சொன்னால் எதிரே இருப்பவர் உடனே தன் நெஞ்சைத் திறந்துகாட்ட ஆரம்பித்துவிடுவார். பழுது என்றால் மிஷினைத் திறந்தால் போதும். இடஒதுக்கீட்டு விவாதங்களில் 'தகுதி' என்ற சொல்லை ஒரு செங்கல் மாதிரி எடுத்து வீசுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். எதற்கான தகுதி, அதை எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று அந்தச் செங்கல்லைத் திருப்பிப் பார்க்கிற பொறுமை பர்கருக்கு இருந்தது. கறுப்பினத்தவருக்கு இத்தனை இடம் கொடு என்று அவர் சொல்லவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளை எடைபோடு, ஆனால் அந்த வேலைக்காக எடைபோடு என்றார்.

*

அடுத்த ஐந்தே ஆண்டுகளில் மனசு திரும்ப உள்ளே வந்தது.

வாஷிங்டன் நகரக் காவல்துறையில் டெஸ்ட் 21 என்று ஒரு மொழித்திறன் தேர்வு. 1968 முதல் 1971 வரை அதில் கறுப்பின விண்ணப்பதாரர்கள் 57 சதவீதம் பேர் தோற்றார்கள், வெள்ளையர் 13 சதவீதம். வழக்குத் தொடுத்தபோது சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி அந்த மாதிரி அரசு வேலைகளுக்கு நீட்டிக்கப்படவில்லை. அதனால் அவர்கள் அரசியல் சாசனத்தின் பெயரில் போனார்கள். 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாசனத்தைப் பொறுத்தவரை விளைவு மட்டும் போதாது, நோக்கத்தைக் காட்ட வேண்டும். நீதிபதி பைரன் ஒயிட்டின் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். விளைவு மட்டும் போதும் என்றால் வரி, உரிமக் கட்டணம், அரசு உதவித் திட்டம் என ஏழைகளின் மேல் அதிகம் விழுகிற எல்லா விதிகளும் கூண்டில் ஏற வேண்டிவரும். ஏழைகளில் கறுப்பினத்தவர் அதிகம், ஆகவே எல்லாமே இனப் பாகுபாடு என்று ஆகும். ஒரு நாட்டை அப்படி நடத்த முடியுமா?

ஆக ஒரே நாட்டில் இரண்டு அளவுகோல். சாசனத்துக்கு நோக்கம், வேலைவாய்ப்புச் சட்டத்துக்கு விளைவு. ஒரே தேர்வு ஒரு கதவு வழியாகப் போனால் பாகுபாடு, இன்னொரு கதவு வழியாகப் போனால் இல்லை.

1978இல் மத்திய அரசு அமைப்புகள் சேர்ந்து ஒரு கட்டைவிரல் கணக்கு கொடுத்தன. அதிகம் தேர்வாகும் குழுவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இன்னொரு குழுவின் விகிதம் இறங்கினால், சந்தேகப்படு. எளிமையான கணக்கு, கால்குலேட்டர்கூட வேண்டாம். எளிமையான கணக்குக்கு ஒரு குணம் உண்டு, அது வந்த பிறகு எல்லாரும் அதை மட்டும் போட ஆரம்பித்துவிடுவார்கள். வேலையை அளக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தேட ஆள், பணம், காலம் வேண்டும். விகிதம் பார்க்க ஒரு எக்செல் போதும். வழக்குக்குப் பயந்து முதலாளிகள் தலையை எண்ணித்தான் ஆள் எடுப்பார்கள் என்று கிரிக்ஸை எதிர்த்தவர்கள் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

1989இல் இன்னோர் அடி. அலாஸ்காவில் சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் வார்ட்ஸ் கோவ் நிறுவனம். மீன் வெட்டி அடைக்கும் வேலையில் பெரும்பாலும் பிலிப்பினோக்களும் அலாஸ்கப் பூர்வகுடிகளும். மற்ற நல்ல வேலைகளில் பெரும்பாலும் வெள்ளையர். தங்கும் இடம் தனி, சாப்பிடும் இடம் தனி. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்து, நிரூபிக்கும் பாரத்தைத் தொழிலாளர்களின் தலையில் மாற்றி வைத்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், இந்த இடம் பழைய தோட்டப் பண்ணைகளை நினைவூட்டுகிறது என்றார். நாடாளுமன்றம் 1991இல் புதுச் சட்டம் போட்டு கிரிக்ஸ் வழியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதில் ஒரு வேடிக்கை. அலாஸ்கா செனட்டர்களின் முயற்சியில் ஒரு சின்ன விலக்கு உள்ளே நுழைந்தது. குறிப்பிட்ட தேதிக்கு முன் தொடுக்கப்பட்டு, குறிப்பிட்ட தேதிக்குப் பின் முடிவான வழக்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அந்த இரண்டு தேதிகளுக்கும் பொருந்துகிற வழக்கு எது என்று பார்த்தால், வார்ட்ஸ் கோவ். எந்தத் தொழிலாளர்களால் சட்டம் மாறியதோ அவர்களுக்கு மட்டும் அது கிடையாது. பெயர் சொல்லாமல் ஒருவரைக் குறிவைத்து விதி எழுதுவது எப்படி என்பதற்கு டியூக் பவரைவிட நல்ல உதாரணம் இது.

2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, விளைவை வைத்துப் பாகுபாட்டைக் கணக்கிடும் முறையை மத்திய அரசு இயன்றவரை கைவிட வேண்டும் என்கிறது. ஆணையால் சட்டத்தை அழிக்க முடியாது. ஆனால் அரசு தன் பங்குக்கு வழக்குப் போடாமல் இருக்க முடியும்.

*

இனி நியூ ஹேவன். கனெக்டிகட் மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். 2003இல் அங்கே தீயணைப்புத் துறையில் லெஃப்டினன்ட், கேப்டன் பதவி உயர்வுக்கு 118 பேர் பரீட்சை எழுதினார்கள். ஒரு வெளி நிறுவனத்துக்குக் காசு கொடுத்து உருவாக்கிய பரீட்சை. அவர்கள் தீயணைப்பு வீரர்களோடு வண்டியில் போய்ப் பார்த்து, அதிகாரிகளைப் பேட்டி எடுத்துத்தான் கேள்விகளை எழுதினார்கள். டியூக் பவர் மாதிரி கடையில் வாங்கியது இல்லை.

லெஃப்டினன்ட் தேர்வு எழுதியவர்கள் 77 பேர்: வெள்ளையர் 43, கறுப்பினத்தவர் 19, ஹிஸ்பானியர் 15. பாஸானவர்கள் 25, 6, 3. ஐந்தில் நான்கு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 58 சதவீதத்துக்கு எதிரே 32, 20. எட்டவே எட்டாது. எட்டு காலியிடத்துக்குத் தகுதிபெற்ற முதல் பத்துப் பேரும் வெள்ளையர். கேப்டனுக்கான முதல் ஒன்பது பேரில் ஏழு வெள்ளையர், இரண்டு ஹிஸ்பானியர். கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை.

நகராட்சி பயந்துவிட்டது. முடிவை ஏற்றால் கறுப்பின வீரர்கள் கிரிக்ஸை எடுத்துக்கொண்டு வருவார்கள். ரத்து செய்தால் வெள்ளை வீரர்கள் வருவார்கள். வாரியம் கூடிக் கூடிப் பேசியது. கடைசியில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு. பெரும்பான்மை இல்லாததால் முடிவு செல்லாமல் போனது. 18 பேர் வழக்குப் போட்டார்கள், 17 வெள்ளையர், ஒரு ஹிஸ்பானியர். முன்னால் நின்றவர் ஃபிராங்க் ரிச்சி. அவருக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகளைப் படிப்பதில் சிரமம். பாடப் புத்தகங்களை ஒலிநாடாவில் படித்துப் பதிவு செய்ய ஓர் ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தார். பகுதிநேர வேலையை விட்டார். நாளுக்கு 8 முதல் 13 மணி நேரம் படித்தார். பாஸானார். பிறகு, உங்கள் தோலின் நிறம் காரணமாக இந்த முடிவு செல்லாது என்று கேள்விப்பட்டார். இவருடைய கோபத்தை நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுபக்கம் சொன்னதும் அற்பமானது இல்லை. துறையில் அப்பா, மாமா இருந்த குடும்பங்களில் புத்தகமும் அறிவுரையும் வீட்டிலேயே கிடைத்தன. முதல் தலைமுறையாக வந்தவர்கள் விலை கொடுத்து வாங்கி, வந்துசேரும்வரை காத்திருந்தார்கள். இந்த வரியைப் படிக்கும்போது நீங்கள் யாரை நினைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

2009 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் ரிச்சி பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி கென்னடி: நிறத்தைப் பார்த்து முடிவை ரத்து செய்ததே நோக்கத்தோடு காட்டிய பாகுபாடு; தோற்றுவிடுவோம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லாமல், வழக்கு வரும் என்ற பயத்தை மட்டும் வைத்து இப்படிச் செய்யக் கூடாது. நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்டார். தீக்குள் ஆட்களை வழிநடத்தத் தேவையான நிதானத்தையும் கட்டளைத் தோரணையையும் கொள்குறி வினாத்தாள் எப்படி அளக்கும் என்று கேட்டார். இரு பக்கத்துச் செய்திகளிலும் இது 'வெள்ளையருக்கு எதிரான பாகுபாடா, கறுப்பினத்தவருக்கு எதிரான பாகுபாடா' என்ற பட்டிமன்றமாக ஓடியது.

எனக்கு அதில் உறுத்துகிற எண் வேறு. 60, 40. எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம், வாய்மொழித் தேர்வுக்கு 40 சதவீதம் எடை. எங்கிருந்து வந்தது? தீயணைப்பு வேலையை ஆராய்ந்து யாரும் கண்டுபிடித்தது இல்லை. நகராட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே வெகுநாள் முன்பு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. வினாத்தாளை அவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய நிறுவனமும் இந்த எண்ணைத் தொடவில்லை, ஏனென்றால் அது ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தது. மேஜிக் நம்பர். பக்கத்திலேயே பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர் எடையை மாற்றி வாய்மொழித் தேர்வை முன்னுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அங்கே லெஃப்டினன்ட், கேப்டன் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் வகித்ததை கின்ஸ்பர்க் எடுத்துக்காட்டினார். கென்னடியோ, 60:40 பொருத்தமற்றது என்று நகராட்சி நிரூபிக்கவில்லை என்றார். உண்மைதான், நிரூபிக்கவில்லை. பொருத்தமானது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. 1971இல் பர்கர் டியூக் பவரிடம் கேட்டது இந்த இரண்டாவதைத்தான்.

அந்த ஆண்டின் இறுதியில் ரிச்சியோடு வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதே ஆண்டு மைக்கேல் பிரிஸ்கோ என்ற கறுப்பினத் தீயணைப்பு வீரர் தனியாக ஒரு வழக்குப் போட்டார். லெஃப்டினன்ட் பதவிக்கு வாய்மொழித் தேர்வு எழுதிய 77 பேரில் முதல் மதிப்பெண் அவருடையது. எழுத்துத் தேர்வில் குறைந்ததால் மொத்தத்தில் 24வது இடம். இந்தத் துறையில் வழக்கமான எடை எழுத்துக்கு 30, வாய்மொழிக்கு 70. அப்படிப் போட்டிருந்தால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும் என்றார். ரிச்சி தீர்ப்போடு விவகாரம் முடிந்தது என்றது நகராட்சி. கீழ் நீதிமன்றமும் அப்படியே சொல்லித் தள்ளுபடி செய்தது. 2011 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து, வழக்கை விசாரிக்கலாம் என்றது. பரீட்சை எழுதி அப்போது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.